பெரட்டில் பெயரில்லாத வேலையாட்கள்

ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போகிற வழியில், காரின் கண்ணாடி வழியே பார்க்கும் பிள்ளை "எவ்வளவு பெரிய காடு!" என்று சொன்னால் பெற்றோர் பெரும்பாலும் திருத்துவதில்லை. இரு பக்கமும் பச்சை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பச்சையாக இருந்தால் காடு என்பது பேராக்கில் வேரூன்றிவிட்ட எண்ணம். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் 50 ஹெக்டர் நிலத்தை அளந்து மரம் மரமாக எண்ணிய ஆய்வாளர்கள் 800க்கும் மேற்பட்ட மர இனங்களைப் பதிவு செய்தார்கள். அதே 50 ஹெக்டரில் செம்பனை நட்டால் சுமார் 7,000 மரங்கள் நிற்கும். இனம் ஒன்றே ஒன்றுதான். காட்டில் காணப்படும் உயிரினங்களில் சராசரியாக 15 விழுக்காடே செம்பனைத் தோட்டத்தில் தென்படுகின்றன என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது.

"குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்" என்பது அடுத்த வாதம். "தாத்தா காலத்திலிருந்து பால்மரம் ஒரே வகையாகத்தானே நின்றது? நூறு வருடம் அசையவில்லையே!" தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இதைச் சொல்லும்போது எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த ரப்பர் மர நிரைகள் உண்மையிலேயே நூறாண்டு நின்றன. அவற்றை நிறுத்தி வைத்தது எது என்பதில்தான் கணக்கு பிசகுகிறது.

முதல் தூண், கடல். 1876இல் ஹென்றி விக்காம் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை, பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த ஒன்பதில் மிஞ்சிய மரம் என்று ஒன்றை இன்றும் அவ்வூரில் காட்டுகிறார்கள். விதை கப்பலேறியபோது, அமேசானில் ரப்பர் இலையைத் தின்று தீர்க்கும் பூஞ்சை கப்பலேறவில்லை. தாய்க்காட்டில் ஒரு ஹெக்டருக்கு ஓரிரு ரப்பர் மரங்களே இருக்கும். நடுவில் வேறு வேறு மரங்கள் நிற்பதால் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவத் திணறும். அந்த நடுமரங்களை நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஹென்றி ஃபோர்டு பெரும் பணம் கொட்டிக் கண்டுபிடித்தார். 1928இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாண்டியா என்ற தோட்டத்தை எழுப்பி, மலாயாத் தோட்டங்களைப் போலவே மரங்களை நெருக்கமாக நட்டார். கிளைகள் ஒன்றையொன்று தொட்டதும் இலைக்கருகல் பரவியது. 1934இல் பெல்தெராவில் மறுபடி முயன்றார். அங்கும் அதே கதை. 1945இல் ஃபோர்டு நிறுவனம் இரண்டையும் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

பால்மரம் பேராக்கில் தழைத்ததற்கு ஒற்றைப் பயிரின் உறுதி காரணமில்லை. எதிரி இன்னும் கடலைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகொடிகள் மேல் இன்றும் தனிக் கண்காணிப்பு இருப்பது இதனால்தான்.

இரண்டாவது தூண், தோட்டத்து மக்களின் கைகள். காட்டில் ஒரு பூச்சி, ஒரு குளவி, ஒரு வௌவால், பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பில் பெயர் இல்லாமல், கூலி கேட்காமல் செய்த வேலை, அந்த இனம் இல்லாத இடத்தில் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறியது. இதற்குச் செம்பனையைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம். "செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்த்துவிடும்" என்று துரைமார்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் இங்கே காய்பிடிக்கத் தடுமாறியது. ஆண்பூவின் தூளைச் சேகரித்து, உலர்த்தி, முகப்பவுடர் போன்ற மாவோடு கலந்து, பெண்பூக்களின் மேல் ஊதிவிட ஆள் வைத்தார்கள். மரம் மரமாக, வாரத்துக்குப் பல முறை. இந்த வேலையில் பெண்கள் ஏராளம். அந்த மரத்தின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூன் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்பவருக்கு, அங்கே யாரும் ஊதாமலே காய் நிறைகிறதே என்ற சந்தேகம் எழுந்தது. பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் அங்கு போய்ப் பார்த்தார். வேலையைச் செய்தது காற்றல்ல, பூவுக்குள் ஊரும் சின்னஞ்சிறு கூன்வண்டு. 1981இல் ஜொகூர், குளுவாங் அருகே ஒரு தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. சிறிது காலத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவின. ஊதுகுழல்களுக்கு வேலை போயிற்று.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். ஆனால் ஆப்பிரிக்காவில் இந்த வேலையைப் பல வகை வண்டுகள் பங்கிட்டுச் செய்கின்றன. இங்கே இறக்குமதியானது ஒரே வகை. ஒரு தேசத்தின் பெருந்தொழில் ஓர் அரிசிமணியைவிடச் சிறிய வண்டின் தோளில் நிற்கிறது. அதற்கு ஒரு நோய் வந்தால் மாற்றாள் கிடையாது.

"பூச்சி விழுந்தால் மருந்து அடி, தீர்ந்தது" என்பது தோட்டத்து வேதவாக்கு. 1950களின் இறுதியிலும் 60களிலும் எதையும் கொல்லும் பூச்சிக்கொல்லிகள் செம்பனையில் தெளிக்கப்பட்டபோது, ஓலையைத் தின்னும் பைப்புழு குறையவில்லை, பெருகியது. புழு தான் பின்னிய பைக்குள் பத்திரமாக இருந்தது. அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகள்தான் செத்தன. சபாவின் கொக்கோத் தோட்டங்களிலும் இதே விபரீதம் நேர்ந்தது. கோர்டன் கான்வே என்ற இளம் பூச்சியியலாளர் தெளிப்பை நிறுத்தச் சொன்னார். குளவிகள் திரும்பின, புழு அடங்கியது. பேராக்கின் ஹிலிர் பேராக் வட்டாரத்தில் பைப்புழு பின்னாளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது.

களைக்கொல்லியின் கதை தனி. காட்டில் நிழலே புல்லை அடக்கும். நிரைகளுக்கிடையே அந்த நிழலடுக்கு இல்லாததால் லாலான் புல்லை ஒழிக்க முதுகில் மருந்துத் தோம்பு சுமந்தவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தெளித்தவற்றுள் ஒன்றான பாராகுவாட் மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1 முதல்தான். இனங்கள் குறைந்ததற்கான விலையை யார் கட்டினார்கள் என்று கேட்டால், பதில் பல வீடுகளில் மருந்து பட்டுச் சிதைந்த பாட்டியின் கைவிரல் நகங்களிலேயே இருக்கிறது.

கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எலி தின்னும் அந்தப் பறவைக்குச் செம்பனைத் தோட்டங்களே கூட்டுப்பெட்டி கட்டிக் கம்பத்தில் நிறுத்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், கடுமையான எலிமருந்து வைத்த தோட்டங்களில் மருந்துண்ட எலியைத் தின்ற கூகைகளும் மடிந்தன.

துரியான் விஷயத்தில் பேராக் மக்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். "வௌவால் துரியான் பூவைக் கடித்து நாசமாக்குகிறது" என்று வலை கட்டுவோரும் சுடுவோரும் உண்டு. காலையில் மரத்தடியில் இதழ்கள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். துரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் இதழை உதிர்த்துவிடுவது அதன் இயல்பு. தியோமான் தீவில் மரத்தின் மேல் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பழவௌவால் தேனை நக்கி மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பதை 2017இல் வெளியிட்டார்கள். தீபகற்பத்தில் இந்த வேலையில் முன்னணியில் இருப்பது குகையில் வாழும் தேன்வௌவால்.

துரியானோ ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மீதி நாட்களில் வௌவாலுக்கு யார் சோறு போடுவது? 1970களில் பத்துமலை வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை கிள்ளான் கரையோரச் சதுப்புநிலக் காடுகள் வரை பறந்து அங்குள்ள மரங்களின் பூவில் தேன் குடிப்பதையும், பெத்தாய், காட்டுவாழை என மரத்துக்கு மரம் மாறுவதையும் கண்டார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் ஏறுகிறவர்களின் தலைக்கு மேல் தூங்குவது, எங்கோ ஒரு கம்பத்துத் துரியானின் காய்ப்பாக இருக்கலாம். பேராக்கிலும் இதே மூன்று கண்ணிகள் இருக்கின்றன: கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள், தைப்பிங்கை அடுத்த மாத்தாங் சதுப்புநிலக் காடு, கோலகங்சார்த் துரியான். குன்றைக் கல்லுக்காக உடைக்கும்போது துரியான் விலையைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை.

காட்டுக்காகப் பேசுவோர் பக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. இனங்களைக் கூட்டிக்கொண்டே போனால் நிலைத்தன்மை தானாக வந்துவிடும் என்று சூழல் ஆர்வலர்கள் சிலர் பேசுகிறார்கள். ஆனால் இனங்களை எழுந்தமானமாகக் கோத்த சிக்கலான வலை ஆட்டம் காணும் என்று சூழலியலாளர் ராபர்ட் மே 1972இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மறுபுறம், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1980களின் இறுதியில் கடும் வறட்சி வந்தபோது, சூழலியலாளர் டேவிட் டில்மன் கவனித்து வந்த புல்வெளிப் பாத்திகளில் பல வகைப் புல் இருந்தவை குறைவாகவே வாடின. ஒன்று கருகினாலும் வறட்சி தாங்கும் இன்னொன்று அங்கே இருந்தது. வெள்ளத்துக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று என வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் இனங்கள் வேண்டும். கண்ட மரத்தையும் கொண்டுவந்து நட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் அது கிடைக்காது.

தெலுக் இந்தான் சாலைக்கே திரும்பினால், சில செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் வெளிர்நிறப் பூச்செடிகளும் இளஞ்சிவப்புப் பூக்கொடிகளும் வரிசையாக நட்டிருப்பதைக் காணலாம். மேனேஜருக்குப் பூ ஆசை என்று வழிப்போக்கர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பைப்புழுவைத் தேடிப் போகும் குளவிகளுக்கு அவை சாப்பாட்டுக்கடை.