கொல்லைப்புறத்தில் மொந்தன் வாழை

கிணற்றடியில் வீணே வழிந்தோடும் ஜலத்தைக் கொண்டு வருஷம் முழுவதும் கறிக்கு வழி செய்துகொள்ளலாமென்பதைக் குடும்பஸ்தர் பலர் கவனிப்பதில்லை. இதற்கேற்ற வாழை மொந்தன். சற்றே உப்புக் கலந்த ஜலத்தையும் சாரங் குறைந்த நிலத்தையும் அது சகித்துக்கொள்ளும். முடிக்கொத்து நோய் அதை எளிதில் பீடிப்பதில்லை. காய், பூ, தண்டு, இலை யாவும் வீட்டுக்கு உபயோகமாகும். ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. வாடல் நோய் கண்டால் மொந்தன் பிழைப்பதரிது. ஆகவே, மொந்தன் வளர்ப்போர் முதலாவதாகக் கற்கவேண்டியது எருவிடும் முறையன்று. கன்று தெரிந்தெடுக்கும் முறையே.

கன்று

சங்கத்தில் கடன் கொடுக்குமுன் மனுதாரரின் நிலைமையை விசாரிக்கிறோம். கன்று வாங்குமுன் தாய் மரத்தை விசாரிப்பது அதனினும் அவசியம். உறவினர் கொடுத்தாரென்றோ, விலையில்லாமல் கிடைத்ததென்றோ ஏற்றுக்கொள்ளலாகாது. நேரில் சென்று, தாய் மரமும் அதைச் சுற்றியுள்ள மரங்களும் நோயின்றி இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அகன்ற இலையுள்ள நீர்க்கன்றை விட்டு, ஈட்டி போல் குறுகிய இலையும் பருத்த கிழங்குமுடைய கன்றையே எடுக்கவேண்டும். கிழங்கு 1½ முதல் 2 கிலோ வரை இருத்தல் நலம். வேர்களையும் அழுகிய பாகங்களையும் சீவி எறிந்துவிடுக. சீவிய இடத்தில் செம்பழுப்பு நிறக் கோடோ புள்ளியோ தென்பட்டால் அக்கன்றை நடாமல் எரித்துவிடவேண்டும்.

குழியும் எருவும்

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி வெட்டி, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நடுக. மரத்துக்கு மரம் ஆறு அடிக்குக் குறையலாகாது. கிணற்றடி ஜலம் பாயலாம். ஆனால் தேங்கி நிற்கலாகாது. வாழைக்குத் தழைச்சத்தைக் காட்டிலும் சாம்பல் சத்து அதிகம் வேண்டும். ஆதலால் விறகடுப்புள்ள வீட்டார் சாம்பலைக் குப்பையில் கொட்டாமல், நட்ட 3, 5, 7-ஆம் மாதங்களில் எருவுடன் சேர்த்து மரத்தைச் சுற்றியிட்டு மண் அணைக்கவேண்டும். எல்லாக் கன்றுகளையும் ஒரே நாளில் நடாமல் நான்கு மாதத்துக்கு ஒன்றாக நட்டால், குலைகளும் ஒன்றன்பின் ஒன்றாய் வரும்.

பக்கக் கன்றுகள்

ஒரு தூரில் பல கன்றுகளை விட்டால் ஒன்றும் நல்ல குலை ஈனாது. மாதந்தோறும் பக்கக் கன்றுகளை அறுத்துவிட்டு, தாய் மரம் குலை தள்ளும் சமயத்தில் ஒன்றை மட்டும் விடுக. கடைசிச் சீப்பு விரிந்தபின் பூவை ஒடித்துச் சமையலுக்குக் கொள்ளலாம். குலை தள்ளிய மரத்தில் எட்டு இலைகளேனும் நிற்கவேண்டும்; விருந்துக்கென்று எல்லாவற்றையும் அறுத்தால் காய் திரளாது. காற்றடிக்கும் இடங்களில் மூங்கில் முட்டுக் கொடுக்கவேண்டும்.

வாடல் நோய்

அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காம்பொடிந்து மரத்தைச் சுற்றித் தொங்குவதும், மரத்தின் அடிப்பாகம் வெடிப்பதும் இதன் அடையாளங்கள். இந்நோய் 1876-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பின்னர் மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்னும் வாழை ஜாதியை ஏற்றுமதி வியாபாரத்திலிருந்தே நீக்கிவிட்டது. நோயுண்டாக்கும் பூஞ்சணம் மண்ணில் பல்லாண்டு உயிருடனிருக்கும். கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்தில்லை. அதைக் கிழங்குடன் தோண்டி அங்கேயே எரித்து, குழியில் ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு இடுக. அந்த மண்வெட்டியைக் கழுவாமல் வேறு மரத்தண்டை கொண்டுபோகலாகாது. அங்கே பாய்ந்த ஜலத்தையும் மற்ற மரங்களுக்கு விடலாகாது. அவ்விடத்தில் மீண்டும் மொந்தன் நடாமல், இந்நோயை எதிர்த்து நிற்கும் பூவன் நடலாம்.

நான் கணக்குப் பார்க்கச் சென்ற கிராமமொன்றில், ஒரே தெருவில் பல வீட்டு மொந்தன்கள் இவ்வாறு வாடி நிற்கக் கண்டேன். விசாரித்ததில், யாவும் ஒரே கொல்லையிலிருந்து அன்புடன் கொடுக்கப்பட்ட கன்றுகள். கொடுத்தவர் மீது குற்றமில்லை. அவர் மரம் அப்போது பசுமையாகவே இருந்ததாம். ஆனால் அடுத்த மரம் வாடியிருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வாழையடி வாழையாய்த் தழைக்கவேண்டுமென்று வாழ்த்துகிறோம். கன்றோடு நோயும் அவ்வாறே தழைக்கும் என்பதை மறவாமல், கொடுப்பவர் பார்த்துக் கொடுப்பாராக. வாங்குபவர் கேட்டு வாங்குவாராக.