எதிர் வீட்டுக்கு ஒரு தீபாவளித் தட்டு

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நியூ ஜெர்சியின் ஹைலண்ட் பார்க்கில் உனக்கு வீடு அமைந்துவிட்டதையும், எதிர் வீட்டில் வயதான யூதத் தம்பதி இருப்பதையும் உன் அப்பா சொன்னார். தீபாவளிக்கு முறுக்கும் மைசூர்பாகும் செய்து அவர்களுக்கும் கொடுக்கப்போகிறேன், கறி மீன் கலக்காத பலகாரம்தானே என்று எழுதியிருந்தாய். கொடுக்க நினைத்த உன் மனசு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சைவமாக இருப்பதாலேயே அது அவர்கள் சாப்பிடக்கூடிய பண்டம் ஆகிவிடாது. பக்கத்து ஊரான எடிசனில் இருந்த காலத்தில் நான் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் கோஷர், அதாவது யூத உணவு விதிகள், பார்க்கிறவர்களா என்று உனக்குத் தெரியாது. வாசல் நிலையில் வலப்பக்கம் சற்றுச் சாய்வாக ஒரு சிறு பேழை இருக்கிறதா பார். மெஸூஸா என்பார்கள், உள்ளே வேத வசனம் எழுதிய தோல்சுருள் இருக்கும். அது யூதர் வீடு என்று சொல்லும், உள்ளே அடுப்பு எந்த முறையில் எரிகிறது என்று சொல்லாது. 2020-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் அமெரிக்க யூதர்களில் 17 சதவீதம் பேர்தான் வீட்டில் கோஷர் பார்ப்பதாகச் சொன்னார்கள். விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவில் மட்டும் அது 95 சதவீதம். சீர்திருத்தப் பிரிவின் மதகுருக்களான ரபிகள் 1885-லேயே பிட்ஸ்பர்க்கில் கூடி உணவு விதிகள் இந்தக் காலத்துக்குக் கட்டாயமில்லை என்று அறிக்கை விட்டவர்கள். உன் ஊரில் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் நிறைய. ஆனாலும் ஊரை வைத்து ஒரு வீட்டைத் தீர்மானிக்காதே, கேட்டுவிடு.

விதிகளின் மேலோட்டம் இதுதான். குளம்பு பிளந்து அசைபோடும் விலங்கு ஆகும், பன்றி ஆகாது. துடுப்பும் செதிலும் உள்ள மீன் ஆகும். இறால், நண்டு, சுறா ஆகாது. ஆகும் விலங்கையும் கோழியையும்கூட முறைப்படி அறுத்து, இரத்தம் போக உப்பிட்டு எடுக்க வேண்டும். இறைச்சியும் பாலும் சேரவே கூடாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்காதே என்று அவர்கள் வேதமான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இரண்டு செட் பாத்திரம், வசதிப்பட்டால் பாத்திரம் கழுவ இரண்டு தொட்டி, கறி சாப்பிட்டபின் பால் பண்டத்துக்குப் பல வீடுகளில் ஆறு மணி நேர இடைவெளி எல்லாம். இரண்டிலும் சேராத காய், கனி, தானியம், முட்டை, மீன் போன்றவற்றைப் பார்வே என்பார்கள்.

உன் முறுக்குக்குச் சிக்கல் அரிசிமாவிலோ உளுந்திலோ இல்லை, வாணலியில் இருக்கிறது. சூட்டில் பாத்திரம் சுவையை உள்வாங்கும், அடுத்த சமையலில் அதை வெளிவிடும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. மீன் பொரித்த வாணலியில் பொரித்த அப்பளத்தை உன் பாட்டி தொடமாட்டாள், நினைவிருக்கும். அதே கணக்குத்தான். நீ ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்த வாணலி, நீ எவ்வளவு தேய்த்திருந்தாலும், அவர்களுக்குக் கோழி வறுத்த வாணலிதான். மைசூர்பாகில் நெய் இருப்பதால் அது பால் பண்டம், கறிச் சாப்பாட்டோடு ஆகாது. சில குடும்பங்கள் கறக்கும்போதிலிருந்தே ஒரு யூதரின் மேற்பார்வையில் இருந்த பாலை மட்டுமே ஏற்கும். அந்த வீட்டில் கடை நெய்க்கே இடமில்லை.

இன்னொன்றையும் உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பந்தியில் வைக்கத் தகுந்த சமைத்த உணவில், சமைக்கும்போது ஒரு யூதரின் பங்கு இருக்க வேண்டும் என்று பழைய ரபிகள் விதித்திருக்கிறார்கள். சேர்ந்து உண்பது கல்யாண உறவில் போய் முடியும், சிறிய சமூகம் கரைந்துபோகும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. இதைப் படித்ததும் உனக்குச் சுருக்கென்று இருக்கும். நம் ஊரில் ஒருவர் வீட்டுச் சோற்றை இன்னொருவர் மறுத்ததற்குப் பின்னால் இருந்த கேவலம் நமக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்: இங்கே தீட்டு என்ற எண்ணம் இல்லை, உன் கை பட்டதால் பண்டம் கெட்டுப்போவதில்லை. மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூப் பக்கம் கோஷர் சான்று பெற்ற தோசைக் கடைகள் நடந்திருக்கின்றன. கல்லில் மாவு ஊற்றுவது நம்மவர் கை; தொப்பி போட்ட ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும். சரக்கையும் பாத்திரத்தையும் சரிபார்க்க ஒரு யூதக் கண்காணிப்பாளர் இருப்பார், அடுப்பை அவர் பற்றவைப்பார். ஐரோப்பிய யூதர்களின் வழிவந்த அஷ்கெனாஸி வழக்கில் அந்தப் பங்கே போதும். இதே குடும்பங்கள், கோஷர் பார்க்காத தங்கள் சொந்த அண்ணன் தம்பி வீட்டிலும் அவர்கள் சட்டியில் சமைத்ததைச் சாப்பிடமாட்டா. ஆகவே எதிர் வீட்டு அம்மா உன் தட்டை நன்றி சொல்லி மறுத்தால், நம் ஊர் மறுப்பை அதன்மேல் ஏற்றிப் பார்க்காதே.

கேட்பது எளிது. “எங்கள் பண்டிகைக்கு உங்களுக்கும் ஏதாவது தர ஆசை. நீங்கள் கோஷர் பார்ப்பதுண்டா? என்ன மாதிரி வாங்கினால் உங்களுக்கு வசதி?” இவ்வளவு போதும். ஒரு வீடு பொட்டலத்தில் கோஷர் முத்திரை பார்த்தே வாங்கும், ஒரு வீடு பன்றியையும் இறாலையும் மட்டும் தவிர்க்கும், ஒரு வீடு வெளியில் சைவ ஓட்டலில் சாப்பிட்டு வீட்டுக்குள் கண்டிப்பாக இருக்கும். அவரவர் எல்லையை அவரவர்தான் சொல்ல முடியும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நம் வழக்கப்படி வற்புறுத்தாதே.

கண்டிப்பான வீடு என்றால் முழுப் பழம் எப்போதும் சரி. ஆப்பிள், மாதுளை, மாம்பழம், எதையும் நறுக்காமல் கொடு. அடுத்தது, முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலம். வட்டத்துக்குள் ‘யூ’ எழுத்து போட்டிருப்பதைக் கடையில் பார்த்திருப்பாய். 1923-இல் ஹைன்ஸ் கம்பெனியின் பீன்ஸ் டப்பாவில் தொடங்கிய முத்திரை அது. பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது. ‘பி’ இருந்தால் பார்வே என்று நினைத்துவிடாதே, அது பெசாக் பண்டிகைக்கு ஏற்றது என்ற குறி. பார்வே பண்டமாகப் பார்த்து வாங்கினால் கறிச் சாப்பாட்டுக்குப் பிறகும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பொட்டலத்தைப் பிரித்து அழகாக உன் தட்டில் அடுக்காதே, அப்படியே கொடு. ஒயின் வேண்டாம், திராட்சைச் சரக்குக்குத் தனி விதிகள் உண்டு.

பாத்திரம் பார்ப்பதில்லை, பாலும் கறியும் கலக்காமல் இருந்தால் போதும் என்று சொல்கிற வீடானால் உன் கைப்பலகாரமே கொடுக்கலாம். நெய்யை விட்டுவிட்டுத் தேங்காய்ப் பக்கம் போ. கொச்சி யூதர்கள் கறிக்குழம்பில் தேங்காய்ப்பால்தான் ஊற்றினார்கள், அதனால் அவர்கள் விதியும் காக்கப்பட்டது, ருசியும் கூடியது.

அவர்கள் தட்டில் வைத்து உனக்கு ஏதாவது கொடுத்தால் கவனம். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று நாம் வளர்ந்திருக்கிறோம். சூடாக எதையும் அதில் வைத்துவிடாதே, உன் டிஷ்வாஷரிலும் போடாதே. அந்தத் தட்டு பிறகு அவர்களுக்கு உதவாமல் போகலாம். துடைத்து, நாலு ஆரஞ்சு வைத்துக் கொடு.

நாளும் பார்க்க வேண்டும். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை அவர்களின் ஓய்வு நாளான சபாத். கொடுப்பதாக இருந்தால் வெள்ளி மதியத்துக்குள் கொடுத்துவிடு. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பெசாக் வரும். அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்றவற்றின் மாவு வீட்டிலேயே இருக்கக்கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், தெரியுமா? அஷ்கெனாஸி வீடுகள் பல அரிசியும் பருப்பும்கூடத் தொடமாட்டா. அந்த வாரம் எதுவும் கொண்டுபோகாதே; பூ கொடு.

துக்கம் நடந்தாலோ நேர்மாறு. அடக்கத்துக்குப் பின் ஷிவா என்று ஏழு நாள் துக்கம் காப்பார்கள்; முதல் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவருவார்கள், நம் துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சாப்பாடு வருவது போலவே. அவித்த முட்டையும் பருப்பும் அதில் வழக்கம். அப்போது பூ வேண்டாம். ராரிட்டன் அவென்யூவில் உள்ள கோஷர் கடையில் சொல்லி, அவர்கள் பெட்டியிலேயே அனுப்பச் சொல்.

கேட்டுவிட்டு எனக்கு எழுது. உன் கைப்பலகாரம் ஆகும் என்று சொன்னால் நெய் சேர்க்காத அதிரசத்துக்குப் பக்குவம் அனுப்புகிறேன். பாகு பதம் எழுத்தில் புரியாது, அதை வீடியோவில் காட்டுகிறேன்.

அன்புடன்,
அத்தை