அயல் காணியூடாக மலக்குழாய்: வெட்டமுன் எழுதுங்கள்

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பல வளவுகளில் இதுதான் சிக்கல். முன்பக்கம் உங்கள் கிணறு, வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு. மலக்குழி வெட்ட இடமில்லை. பின்னால் உங்களுக்கு வேறு காணி இருந்தாலும், இடையில் அயலவரின் காணி கிடக்கிறது; குழாய் அதனூடாகத்தான் போகவேண்டும்.

"அண்ணை ஓமெண்டவர்" என்ற சொல்லை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள். மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1840ஆம் ஆண்டிலிருந்தே சொல்கிறது: காணிமீதான உரிமை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும்.

முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். தீவின் அடியில் வெடிப்புள்ள சுண்ணக்கல். குழித்தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு ஓடிவிடும். வழக்கமாகச் சொல்லும் ஐம்பது அடி இங்கே போதாது. நூறு அடி விடுங்கள். வேலணைப் பிரதேச சபையின் அனுமதியையும் கையோடு கேளுங்கள்.

அடுத்தது உறுதி. இதில்தான் மாதக்கணக்கு போகும். காணி பிரிபடாத பங்காக இருந்தால் பங்காளர் அத்தனை பேரும் கையொப்பமிட வேண்டும்; ஒருவர் சூரிச்சில், இன்னொருவர் ரொறன்ரோவில் இருப்பார். அவர்களுக்காக அற்றோணித் தத்துவக்காரர் வந்தால், காணிமீது உரிமை கொடுக்கும் அதிகாரம் அந்தத் தத்துவத்தில் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணின் காணியென்றால் கணவரின் எழுத்துச் சம்மதமும் வாங்குங்கள்.

பிறகு நில அளவையாளரைக் கொண்டு குழாய் போகும் கீற்றை வரைபடத்தில் குறியுங்கள். உறுதியில் கீற்றின் நீளம், அகலம், ஆழம், திருத்த வேலைக்கு உள்ளே வரும் உரிமை, உடைந்தால் செலவு யாருக்கு, கீற்றின்மேல் கட்டடமோ மரமோ கூடாது என்பதெல்லாம் வரட்டும். உரிமை ஆளுக்கல்ல, காணிக்கு என்றும் எழுதச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் இரண்டு காணிகளின் பதிவேட்டிலும் பதியுங்கள். பதியாவிட்டால், அயல் காணியை நாளை விலைக்கு வாங்கித் தன் உறுதியைப் பதிபவரிடம் உங்கள் உரிமை தோற்றுப்போகும்.

வேலைக்கு நாலு அங்குல பீவீசீ குழாய், நாற்பது அடிக்கு ஓரடி சரிவு, திரும்பும் இடமெல்லாம் மூடியுள்ள தொட்டி. மண் போட்டு மூடமுன் குழாயின் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று அயலவரையும் வைத்துக்கொண்டு பாருங்கள். பக்கத்துக் கிணற்றில் குடிப்பவர் அவர்தான்.