எந்தத் தரவுக்கு எந்தப் பூட்டு

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகளுக்கு,

எட்டுக் கோர் உள்ள சேர்வரில் நெட்வேர்க் வேகம் ஏன் அதற்கேற்பக் கூடவில்லை என்று கொட்டாஞ்சேனையிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறாய். நல்ல கேள்வி. விடையின் பெரும்பகுதி, இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் இருக்கும் பூட்டுகளில் கிடக்கிறது. பூட்டு என்றால் என்னவென்று ரயிலை வைத்துச் சொல்கிறேன்.

பதுளை ரயில் பாதை ரம்புக்கனைக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம். பாதைக்குள் நுழைய அனுமதி தரும் டேப்லெட் என்ற அடையாளம் கைக்கு வராமல் சாரதி ரயிலை எடுக்கமாட்டார். பாதை முழுவதற்கும் ஒரே டேப்லெட் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் ஓடும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இருப்பதால் பல ரயில்கள் மோதாமல் ஓடுகின்றன. கேர்னலின் பூட்டும் அந்த டேப்லெட் போலத்தான்: அதைப் பிடித்திருக்கும் செயலி மட்டுமே உள்ளே போகலாம்.

1996இல் வந்த லினக்ஸ் 2.0, பல செயலிகளை ஏற்றுக்கொண்டபோது கேர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டைப் போட்டது. தொடக்கத்துக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பிழையில்லாமல் ஓடுவதுதான் முதலில் வேண்டும். விலை பின்னர் தெரிந்தது. 1999இல் மைண்ட்கிராஃப்ட் நிறுவனம், மைக்ரோசொஃப்ட் பணம் கொடுக்க, நான்கு செயலிகளும் நான்கு நெட்வேர்க் கார்டுகளும் கொண்ட இயந்திரத்தில் ஒரு சோதனை நடத்தியது. லினக்ஸ் 2.2, விண்டோஸ் என்.டி.யிடம் தோற்றது. சோதனை நியாயமில்லை என்று எதிர்ப்புக் கிளம்பியது. மறுபடி நடத்தியபோதும் என்.டி.தான் முந்தியது. நெட்வேர்க் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் வேலை செய்ய முடிந்தது என்பதே முக்கியமான காரணம். லினக்ஸ்காரர் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். 2001 ஜனவரியில் வந்த 2.4இல் ஒவ்வொரு செயலிக்கும் தனி உள்வரிசை. பல செயலிகள் ஒரே நேரத்தில் பொதிகளைக் கையாண்டன. அந்தப் பெரிய பூட்டு முழுதாக நீங்கியது 2011இல்தான்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்திலும் இதே கதை. ‘ஜயன்ட்’ என்ற பூட்டிலிருந்து நெட்வேர்க் பகுதியை விடுவிக்கும் வேலை 2004 நவம்பரில், 5.3 பதிப்பில்தான் பயனருக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு காலம் ஏன் தெரியுமா? பூட்டு காப்பது நிரல் வரிகளை அல்ல, தரவை. எந்தப் பட்டியலை, எந்த எண்ணியை யார் யார் தொடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த பிறகுதான் பூட்டைப் பிரிக்கலாம். பிரித்த பின் புதுத் தலையிடி: ஒரு செயலி அ-வைப் பிடித்துக்கொண்டு ஆ-வுக்குக் காத்திருக்க, இன்னொன்று ஆ-வைப் பிடித்துக்கொண்டு அ-வுக்குக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும். எந்தப் பூட்டை முதலில் எடுப்பது என்ற ஒழுங்கை எழுதி வை, ஒருபோதும் மீறாதே. யாரும் போட்டிக்கு வராதபோதும் ஒவ்வொரு பூட்டுக்கும் செலவு உண்டு. ஆகவே பொடிப்பொடியாகப் பிரிப்பதும் வேகத்தைத் தின்னும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாசிப்பவர் பூட்டே எடுக்காத வழி. பொதி எங்கே போகவேண்டும் என்பதை ஒவ்வொரு பொதிக்கும் பார்க்கிறோம். வழி அட்டவணை மாறுவதோ எப்போதாவதுதான். மாற்றுபவர் புதுப் பிரதி ஒன்றைச் செய்து, சுட்டியைத் திருப்பிவிட்டு, பழையதை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விலகிய பிறகு அதை அழிக்கிறார். ‘ஆர்சியு’ எனப்படும் இந்த முறை 2002இல் லினக்ஸுக்குள் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் போல் மெக்கென்னியோடு ஐ.பி.எம்.மின் இந்தியப் பொறியியலாளர் திபங்கர் சர்மாவும் ஒருவர். உன் வயதில் இருப்பவர்கள் அந்தப் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

இனி உன் சேர்வருக்கு வருவோம். எந்தப் பூட்டையும் குற்றம் சொல்வதற்கு முன், புரொக் அடைவில் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பார். நெட்வேர்க் கார்டின் இன்டரப்ட் எண்ணிக்கை முழுவதும் ஒரே கோருக்கு உரிய பத்தியில் ஏறிக்கொண்டிருந்தால், கார்டின் இன்டரப்ட்களை அந்த ஒரு கோரே கவனிக்கிறது. கார்டுக்குப் பல வரிசைகள் உண்டா என்று பார்த்து அவற்றை இயக்கு. எல்லாக் கோர்களிலும் பரவியிருந்தும் வேகம் ஏறாவிட்டால், பெர்ஃப் கருவியை ஓடவிட்டு, எந்தப் பூட்டில் நேரம் போகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா