சுறாவைக் குத்தவா கத்தி? நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் நினைவுக்கு வருகின்றன. மாவட்டத்துக்குக் கடலும் இருக்கிறது என்பது பாதிப் பேருக்கு மறந்தே போகிறது. கட்டுமாவடியிலிருந்து மீமிசல் பக்கம் வரை பாக் விரிகுடாவின் கரை நீள்கிறது. நடுவில் மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். அந்தமானுக்குச் சுற்றுலா போய், இருபது நிமிடம் ஸ்கூபா செய்து, வீடியோவோடு திரும்பும் இளைஞர்கள் இப்போது அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஊர் வந்து சேர்ந்ததும் இரண்டு யோசனை சொல்கிறார்கள். ஒன்று, நம்ம ஊர்க் கடலிலேயே குதிக்கலாம். இன்னொன்று, முழங்கை நீளத்துக்கு ஒரு முக்குளிப்புக் கத்தி வாங்க வேண்டும். இரண்டையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கடல் இருந்தால் ஸ்கூபா செய்யலாம். அந்தமானுக்கு ஏன் செலவு? கோட்டைப்பட்டினம் போதும்.

ஸ்கூபாவுக்கு முதலில் வேண்டியது ஆழம் அல்ல, தெளிவு. பாக் விரிகுடாவில் மிக ஆழமான இடமே ஏழெட்டுப் பாகம்தான், அதாவது சுமார் 15 மீட்டருக்குள். கரையோரத்தில் வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். அடித்தரை சேறும் மணலும். வெள்ளாறும் அம்புலியாறும் அக்னியாறும் வண்டலைக் கொண்டு வந்து கொட்டுகின்றன. காற்று கொஞ்சம் வலுத்தால் அடிச்சேறு கிளம்பி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. பவளத்திட்டு பார்க்க வேண்டுமென்றால் பாக் விரிகுடாவின் தென்கோடியில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும்.

அதனால் இங்கே கடலடியில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே இருப்பது கடற்புல் வெளி. அதை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்கிற கடற்பசு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று வந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். அதற்குள் 12,000 ஹெக்டேருக்கு மேல் கடற்புல் இருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள விலங்கு என்றாலும் ஆவுளியா கூச்ச சுபாவம் உடையது. சேற்றைக் கிளப்பிக்கொண்டு சிலிண்டரோடு துரத்திப் போய்ப் படமெடுக்க அது காட்சிப் பொருள் அல்ல. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர்.

இங்கே குதிக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் வலை. இது நண்டு வலையும் செவுள் வலையும் நிறைந்த கடல். தங்கூசி என்று மீனவர்கள் சொல்லும் ஒற்றை நைலான் இழை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மீனின் கண்ணுக்கே தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள், முகமூடி போட்ட மனிதனுக்கு எப்படித் தெரியும்? அறுந்து அடியில் கிடக்கும் வலை மக்கிப்போவதில்லை. யாரும் இழுக்காமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். நம் பேச்சு கத்திக்குத் திரும்ப வேண்டிய இடமும் இதுதான்.

நம்பிக்கை: கத்தி சுறாவுக்காக.

இது சினிமா கொடுத்த நம்பிக்கை. நாயகன் நீருக்கடியில் கத்தியை உருவ, சுறா ரத்தம் கக்கிச் சாகும். நம் கரைக்குச் சுறா வருவது பெரும்பாலும் பால் சுறாவாகத்தான். அதற்கு நம்மைக் கண்டுதான் பயம், புட்டாகிவிடுவோமோ என்று. பெரிய சுறா உள்ள கடல்களிலும் முக்குளிப்பவர் மீது தாக்குதல் மிக அரிது. அப்படியே வந்தாலும், தண்ணீருக்குள் கையை ஓங்கிக் குத்த வேகம் கிடைக்காது. உங்களைவிடப் பல மடங்கு வேகமான உயிரிடம் நாலு அங்குலக் கத்தியைக் காட்டுவது வீண் வேலை.

நம் பக்கத்துக் கடலில் உண்மையாகக் காலைப் பதம் பார்ப்பது மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும் திருக்கை. அதன் வால்முள்ளுக்குக் கத்தி என்ன செய்யும்? குத்துப்பட்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

முக்குளிப்பவரின் கத்தி ஆயுதம் அல்ல, அறுக்கும் கருவி. மாட்டிக்கொண்ட வலையை, தூண்டில் நரம்பை, கயிற்றை அறுத்து வெளியே வருவதற்கு. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீட்க, தன் வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துவிட்ட மீனவர்கள் இந்தக் கரையில் உண்டு. வனத்துறை அவர்களுக்குப் பரிசும் பாராட்டும் கொடுத்திருக்கிறது. கடலில் கத்தி எதற்கு என்று அவர்களிடம் கேட்டால் சினிமாவைவிடச் சரியான பதில் கிடைக்கும்.

நம்பிக்கை: நீளமாக, கூர்முனையோடு இருப்பதே நல்ல கத்தி.

நேர் எதிர். நாலு அங்குல அலகுக்கு மேல் பெரும்பாலும் தேவையில்லை. நீளம் கூடினால் அதுவே போய் வலையில் மாட்டும். திருப்பாச்சேத்தி அரிவாள் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சின்னக் கத்தி பொம்மை மாதிரித் தெரியலாம், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. கூர்முனையும் ஆபத்துதான். குளிரில் விறைத்த கையோடு, கலங்கல் தண்ணீரில், பதற்றத்தில் அறுக்கும்போது முனை முதலில் குத்துவது தன் தொடையை, இல்லாவிட்டால் காற்றடைத்த மிதவைச் சட்டையை, அல்லது காப்பாற்ற வந்த துணையின் கையை. அதனால்தான் முனை மழுங்கிய, உளி போல் தட்டையான கத்திகளைச் செய்கிறார்கள். நெம்பவும் அந்த முனைதான் நல்லது.

விளிம்பைப் பொறுத்தவரை ஒரு பக்கம் வழவழப்பான கூர், மறுபக்கம் பல் வைத்த விளிம்பு, இரண்டும் வேண்டும். நெல் அறுக்கும் கருக்கரிவாளை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். நாரான தாளைக் கருக்கு கவ்வி இழுத்து அறுக்கிறது, வழவழப்பான அலகு வழுக்குகிறது. தடித்த கயிற்றிலும் அப்படித்தான். மெல்லிய தங்கூசியில் வேறு சிக்கல். அது வளைந்து வளைந்து நழுவும், பல்லில் நிற்காது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது: கொக்கி போன்ற பிளவுக்குள் சின்ன பிளேடு பதித்த இழைவெட்டி. நரம்பு தானாகப் பிளவுக்குள் வழுக்கிப் போய் அறுபடும். பிளேடு உள்ளே மறைந்திருப்பதால் கையைக் கிழிக்காது. தூண்டில் முள்ளோடு சேர்த்து வரும் கம்பி இழைக்குக் கத்தியும் உதவாது, இழைவெட்டியும் உதவாது, கத்தரிக்கோல்தான். விபத்துச் சிகிச்சையில் துணியை வெட்ட வைத்திருக்கும் முனை மழுங்கிய கத்தரி மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

பெரிய கத்தி ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் இழைவெட்டி ஒன்று, கத்தரி ஒன்று, பல் வைத்த சின்னக் கத்தி ஒன்று என மூன்றையும் வாங்கிவிடலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

நம்பிக்கை: எவர்சில்வர் துருப்பிடிக்காது.

வீட்டுச் சொம்பு பிடிக்காது, கடலுக்குப் போகும் கத்தி பிடிக்கும். உப்பிலுள்ள குளோரைடு துருவேறா எஃகின் மேல்படலத்தையும் துளைத்துவிடும். இதில் ஓர் இழுபறி உண்டு. 316 வகை எஃகு உப்பைத் தாங்கும், ஆனால் கூர் நிற்காது. 420, 440 வகைகளில் கூர் நிற்கும், ஆனால் கவனிக்காவிட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். டைட்டானியம் துருப்பிடிக்கவே பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் விலை கூடுதல், கூரும் நல்ல எஃகு அளவுக்கு நிற்பதில்லை. கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் கலந்த எச்-1 போன்ற எஃகுகள் இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கின்றன.

எதை வாங்கினாலும், கடலிலிருந்து ஏறியதும் உறையிலிருந்து உருவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். உறைக்குள்ளேயே விட்ட ஈரக் கத்தி அடுத்த பயணத்தின்போது வெளியே வர மறுக்கும்.

நம்பிக்கை: கத்தியைக் காலில்தான் கட்ட வேண்டும்.

பழைய படங்களில் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டியிருப்பார்கள். வெளிப்பக்கம் கட்டினால் கத்தியின் பிடியே வலையைக் கொக்கி போட்டு இழுக்கும். கட்டுவதானால் உள்பக்கம். ஆனால் வலை பெரும்பாலும் மாட்டுவது முதுகுப் பக்கம், சிலிண்டரின் வால்வில், தலைக்குப் பின்னால். அந்த நிலையில் குனிந்து காலைத் தொட முடியாது. மிதவைச் சட்டையின் முன்பக்கத்திலோ காற்றுக் குழாயிலோ, இரண்டு கையும் எட்டும் இடத்தில் வைப்பதுதான் உதவும். இரண்டாவது கருவியை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும், ஒரு கை சிக்கினாலும் மற்ற கை எடுக்கும்படி.

சரி, மாட்டிவிட்டது. என்ன செய்வது? முதலில் அசையாமல் நிற்பது. திரும்பிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, ஒரு சுற்றுச் சுற்றினால் வலை உடம்பில் ஒரு சுற்று ஏறிக்கொள்ளும். வந்த வழியே கொஞ்சம் பின்னால் போனால் பல நேரம் தானே விடும். விடாவிட்டால் துணைக்குச் சைகை காட்டி, அவரை அறுக்கச் சொல்வது. அவர் பார்க்கவில்லை என்றால் கத்திப் பிடியால் சிலிண்டரைத் தட்டலாம். நீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகம், உடனே கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து என்பதுதான் தெரியாது, சுற்றும் முற்றும் பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் கண்மூடித்தனமாக அறுத்தால் அறுபடுவது உங்கள் காற்றுக் குழாயாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: கடலோரத்தில் பிறந்தவனுக்கும் சங்கு குளிப்பவனுக்கும் பயிற்சி எதற்கு? ஆக்ஸிஜன் சிலிண்டர்தான் இருக்கிறதே.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல, நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான், சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பு வரவைக்கும்.

இங்கே ஓர் ஆபத்தான முரண் இருக்கிறது. தூத்துக்குடி, பெரியபட்டினம் பக்கத்துச் சங்கு குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றது மூச்சை அடக்கும் கலை. ஸ்கூபாவில் முதல் விதி மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். மேலிருந்தே மூச்சடக்கி இறங்கியவருக்கு இந்தச் சிக்கல் இல்லை, கொண்டுபோன காற்றைத்தான் திருப்பிக் கொண்டுவருகிறார். ஆக, நன்றாக முக்குளிக்கத் தெரிந்தவருக்குத்தான் பழக்கத்தை மறக்கப் பயிற்சி அதிகம் வேண்டும்.

நம்பிக்கை: கடல் வேண்டாம் என்றால் குவாரித் தண்ணீர் இருக்கிறது, கண்ணாடி மாதிரித் தெளிவு.

வேண்டாம். செங்குத்தாக வெட்டிய பாறை, ஏறக் கரை இல்லை, அடியில் கம்பியும் முறிந்த கல்லும். நார்த்தாமலையின் மேலமலையில் ஒரு சுனை உண்டு, தண்ணீருக்கடியில் குடைந்த சன்னதியும் லிங்கமும் இருக்கின்றன. தொண்டைமான் அரச குடும்பத்தார் அதைத் தரிசிக்க விரும்பியபோது தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். புத்திசாலித்தனம்.

அப்படியானால் எங்கே போவது? பக்கத்தில் புதுச்சேரி. கடலுக்குள் பழைய பொருள்களைப் போட்டு உருவாக்கிய ‘டெம்பிள் ரீஃப்’ என்ற செயற்கைத் திட்டு சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. தொடக்கநிலை ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழுக்கான எல்லையும் 18 மீட்டர்தான். கர்நாடகத்தில் முருதேஸ்வரம் எதிரே நேத்ராணித் தீவு, பிறகு லட்சத்தீவு, அந்தமானின் ஸ்வராஜ் தீவு. வாடைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கிழக்குக் கரையை மறந்துவிடுங்கள்.

திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு போய் திருகோணமலை சேரலாம். புறாத்தீவுத் தேசியப் பூங்காவுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது. 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர் என்பதால் சிறப்புப் பயிற்சி இல்லாதவர்கள் ஆசைப்படக் கூடாது. அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது, அடுத்தநிலைச் சான்றிதழ் இருந்தால் பார்க்கலாம். மூழ்கிய கப்பல்களில் மீன்வலைகள் சுற்றிக் கிடப்பது வழக்கம். இழைவெட்டிக்கு வேலை வரும் இடம் அங்கேதான்.

கத்தியைக் கைப்பையில் வைத்து விமானம் ஏற முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். மெக்சிகோவின் கோசுமெல் போன்ற சில கடற்பூங்காக்களில் கத்திக்கே அனுமதி இல்லை. போகுமிடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விட வேண்டும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற. ராமேஸ்வரம் பக்கம் முக்குளித்துவிட்டு அன்றே கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும், அந்த மலை 2,000 மீட்டருக்கு மேல்.

முதல் முறை பயிற்றுநரோடு இறங்கும்போது கத்தியே வேண்டாம், அவரிடம் இருக்கும். சான்றிதழ் அட்டை கைக்கு வந்த பிறகு, முதலில் இழைவெட்டி, அடுத்து கத்தரி. கத்தி கடைசியாக வாங்கினால் போதும்.