பழந்தமிழர் கண்ட யவனர்

நுழையும்முன்

மொழி அறியாத ஊரில் நிற்பவரை அவ்வூரார் எவ்வாறு நோக்குவர்? ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழர் அயலவரை நோக்கிய வகையைச் சங்க இலக்கியம் காட்டுகிறது.

பாடம்

கிரேக்கரையும் உரோமரையும் பழந்தமிழர் யவனர் என்றழைத்தனர். சேரநாட்டு முசிறித் துறையில் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற யவனர் கலங்களை அகநானூறு குறிப்பிடுகிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறும், அவர்கள் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடையும் சிறப்பிக்கின்றன.

பொருள்களை விரும்பிய தமிழர், அவற்றைக் கொணர்ந்தோரையும் அவ்வாறே விரும்பினரா? இலக்கியம் ஒரே விடையைத் தரவில்லை. முல்லைப்பாட்டில் யவனர் அச்சந்தரும் தோற்றத்தினர். ஆயினும் அரசனது பாசறையில் பணிபுரிகின்றனர். அங்குக் காவல் நிற்கும் மிலேச்சர் வாய் பேசாது சைகையால் உணர்த்துவோராகக் காட்டப்படுகின்றனர். அவர்களுக்கும் தாய்மொழி உண்டு. கேட்போர் அதனை அறியாமையால் அவர்கள் ஊமையர்போல் தோன்றினர். கிரேக்கரும் தம்மொழி பேசாதோரைப் பொருளற்ற ஒலி எழுப்புவோர் என்னும் கருத்தில் 'பார்பரோய்' என்றனர். ஒருவரையொருவர் அறியாதபோது இரு சாராரும் செய்த பிழை ஒன்றே.

பகையும் இருந்தது. சேரமன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், யவனரைப் பிணித்து, கைகளைப் பின்புறம் கட்டி, தலையில் நெய் ஊற்றிய செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகம் அவன் புகழாகவே உரைக்கிறது.

நாள்தோறும் பழகிய இடத்தில் நிலை வேறாயிற்று. காவிரிப்பூம்பட்டினத்தில் பலமொழி பேசுவோர் ஒருங்கே இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. யவனரின் இருப்பிடங்கள் அந்நகரில் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது.

தமிழரும் அயல்நாட்டில் அயலவராய் வாழ்ந்துள்ளனர். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பானையோடுகள் கிடைத்துள்ளன. முசிறியில் யவனர் நின்ற நிலையில், அத்துறையில் கண்ணனும் சாத்தனும் நின்றிருப்பர். இதனை எண்ணிப் பார்ப்பவர், மொழி அறியாது நிற்கும் ஒருவரை அறிவிலார் என்று கருதமாட்டார்.

சொற்பொருள்

கலம் – கப்பல். பாசறை – போர்க்களத்தில் படை தங்குமிடம். மிலேச்சர் – வேற்று நாட்டார். பிணித்தல் – கட்டுதல்

பயிற்சி

1. முசிறியில் நடைபெற்ற வணிகம் பற்றி அகநானூறு கூறுவது யாது?
2. மிலேச்சர் ஊமையர்போல் தோன்றியது ஏன்?
3. பதிற்றுப்பத்தும் பட்டினப்பாலையும் அயலவரைக் காட்டும் முறைகளை ஒப்பிடுக.
4. கொல்கத்தாவின் பராபஜார் பகுதியில் ஆர்மீனியர் 1724ஆம் ஆண்டு கட்டிய நாசரேத்துத் தேவாலயம் உள்ளது. இந்நகருக்கு வந்து வாழ்ந்த ஆர்மீனியர், சீனர், யூதர் ஆகியோருள் ஒரு சாராரைப் பற்றிச் செய்தி திரட்டி எட்டு வரிகளில் எழுதுக.