நியூட்டனா, அடகுக்கடையா?

சிங்கப்பூரில் வருமான வரி எப்போதும் ஓராண்டு பின்தங்கியே நடக்கிறது. 2024-இல் சம்பாதித்ததற்கு 2025-இல் கணக்குக் காட்டி, அதற்குப் பிறகு வரும் மதிப்பீட்டு அறிவிப்பைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். இந்தியாவில் நடப்பதுபோல் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்வரை இது வசதிதான்; அரசாங்கத்துக்குப் போகவேண்டிய பணம் சில மாதம் நம் கையில் புழங்குகிறது. படுத்துவிட்டால்தான் வம்பு. நன்றாக ஓடிய ஆண்டின் வரி, கல்லாவில் காசே விழாத ஆண்டில் வந்து வாசலில் நிற்கிறது. வேலையில் இருப்பவருக்காவது வேலை நியமனச் சட்டப்படி, ஆறு மாதம் பணியாற்றியிருந்தால், மருத்துவமனையில் கிடக்கும் நாள்களையும் சேர்த்து ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கும் டாக்சி ஓட்டுபவருக்கும் அந்த 60 நாளும் கிடையாது.

இப்படி மாட்டிக்கொண்டவர் கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கிறார்: நகையை அடகு வைக்கலாமா, உரிமம் பெற்ற கடன் நிறுவனத்துக்குப் போகலாமா, கடன் அட்டையில் தேய்க்கலாமா, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிடலாமா. வரி அலுவலகத்தையே கேட்கலாம் என்பது பலருக்குக் கடைசியில்தான் தோன்றுகிறது. அதை முதலில் வைக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. கெடு முடிவதற்குள் போய்க் கேட்பவருக்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்தைப்போல் மலிவான கடன்காரர் இந்த ஊரில் இல்லை. கெடு தாண்டிவிட்டால் அதைப்போல் கைநீளமான கடன்காரரும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கழிவுகளெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அவ்வப்போது வரும் தள்ளுபடிகளைச் சேர்க்காமல், வரி 1,950 வெள்ளி. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும் ஜைரோவில் சேர்ந்தால் இதை அதிகபட்சம் 12 தவணையாக, வட்டியே இல்லாமல் கட்டலாம்: மாதம் 162 வெள்ளி 50 காசு. இதே தொகையை உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் வாங்கினால், 2015 அக்டோபர் முதல் உள்ள உச்சவரம்புப்படி மாதம் 4 விழுக்காடுவரை வட்டி, போதாததற்குக் கடனில் 10 விழுக்காடுவரை நிர்வாகக் கட்டணம். கட்டணமே 195 வெள்ளி. ஓராண்டுத் தவணையில் வட்டி 540 வெள்ளியைத் தாண்டும். நோயில் இளைத்த குடும்பம் சும்மா கிடைக்கும் ஒன்றுக்காக 700 வெள்ளிக்குமேல் கொடுக்கிறது. உரிமம் இல்லாத கடன் முதலைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அடகுக்கடை இவ்வளவு மோசமில்லை. சட்டப்படி மாத வட்டி 1.5 விழுக்காட்டுக்குமேல் போகக்கூடாது. 1,950 வெள்ளிக்கு மாதம் 29 வெள்ளி சொச்சம், ஆறு மாதத்தில் 175 வெள்ளி 50 காசு. சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் தராசில் வளையலை வைத்து, எடை பார்த்து, சீட்டு எழுதிப் பணம் எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். சிங்பாஸ் உள்நுழைவு வேண்டாம், படிவம் வேண்டாம், யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டாம். நகை இதற்குத்தானே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நகை உண்மையிலேயே இதற்குத்தான், ஆனால் இந்தக் கடனுக்கு அல்ல. வட்டியில்லாத் தவணை தராத செலவுகள் நோயாளி வீட்டில் எத்தனையோ இருக்கின்றன: வாடகை, மருந்து, பள்ளிக்கூடம். வளையலை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கெடுவில் அசலைத் திரட்டி மீட்கவேண்டும், அல்லது வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கூர்மையான ஒருவர் இங்கே குறுக்கிடலாம். தாமதக் கட்டணம் 5 விழுக்காடுதான். அதையும் கட்டாமல் 60 நாள் போனால் மாதம் 1 விழுக்காடு, அதுவும் 12 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஆகமொத்தம் 1,950 வெள்ளிக்கு 331 வெள்ளி 50 காசு. கடன் நிறுவனத்தைவிட இது குறைவாயிற்றே, பேசாமல் விட்டுவிட்டால் என்ன? கணக்கு சரி, முடிவு தவறு. பாக்கியை வசூலிக்க ஆணையம் நீதிமன்றம்வரை போகவேண்டியதில்லை. உங்கள் வங்கியையோ முதலாளியையோ வாடகைக்கு இருப்பவரையோ முகவராக நியமித்து, உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தை நேரே தனக்கு அனுப்பச் சொல்லலாம். நாட்டைவிட்டு வெளியேறத் தடையும் போடலாம். ஊரில் வயதான தாய் தகப்பன் இருக்க, சாங்கி விமான நிலையத்தில் நிறுத்தப்படுவதன் விலையை எந்த விழுக்காட்டில் எழுதுவது?

இன்னோர் ஆட்சேபம் நியாயமானது: வருமானமே இல்லாதவர் கணக்கிலிருந்து மாதம் 6-ஆம் தேதி ஜைரோ எதை எடுக்கும்? பணமில்லாமல் தொடர்ந்து தவறினால் தவணை ஏற்பாடு ரத்தாகி, மீதி முழுவதும் ஒரேயடியாக விழும். அதனால் சமாளிக்க முடியாத தவணைக்குத் தலையாட்டாதீர்கள். அறிவிப்புத் தேதியிலிருந்து ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள், மருத்துவச் சான்றும் வரவு செலவும் காட்டி, நீண்ட தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். 12 தவணை என்பதும் சீக்கிரம் சேர்ந்தவருக்கே. தள்ளிச் சேர்ந்தால் தவணை எண்ணிக்கை குறைந்து மாதத் தொகை ஏறும். கேட்டால் நம் கணக்கைக் கிளறுவார்கள் என்ற அச்சம் வேண்டாம். முதலாளிகளில் பெரும்பாலோர் சம்பள விவரத்தை ஏற்கெனவே ஆணையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இப்படிக் கேட்பதில் வெட்கப்படவும் எதுவும் இல்லை. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், மே, ஜூன், ஜூலை மாத வரித் தவணைகளைச் சுயதொழில் செய்வோர் எல்லாருக்கும் அரசாங்கமே தானாகத் தள்ளிவைத்தது. போன ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி கேட்பது எந்த இடத்தில் இடிக்கும் என்று அதற்கும் தெரியும்.

தவணைக்குமுன் இன்னொன்று பார்க்கவேண்டும்: வந்த தொகை சரிதானா? ஏப்ரல் 18-ஆம் தேதிக்குள் கணக்குக் காட்டாமல் மருத்துவமனையில் கிடந்தவருக்கு வருவது பெரும்பாலும் உத்தேச மதிப்பீடு. பழைய வருமானத்தை வைத்துப் போட்ட தொகை. கணக்கைத் தாக்கல் செய்தால் திருத்துவார்கள். ஆட்சேபிக்க 30 நாள். ஆனால் ஆட்சேபம் நிலுவையில் இருந்தாலும் பணத்தைக் கட்டத்தான் வேண்டும், பிறகு திருப்பித் தருவார்கள். மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருப்பவர்கள் ஏமாறுவார்கள், சிங்கப்பூர் வரியில் அதற்கு இடமில்லை. கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. ஆள் படுக்கையில் இருக்க, வாடகையும் ஆள்கூலியும் ஓடி அந்த ஆண்டு நட்டமாகிவிட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த நட்டத்தை முந்தைய மதிப்பீட்டு ஆண்டுக்குப் பின்னோக்கிக் கொண்டுபோய்க் கழிக்கலாம். லாபம் குறைந்தது என்பது போதாது, நட்டமே வந்திருக்கவேண்டும்.

சுயதொழில் செய்வோரை உண்மையில் திகைக்கவைப்பது வரி அல்ல, கூடவே வரும், மருத்துவச் சேமிப்புக்கான மெடிசேவ் தொகை. 45 வயதைத் தாண்டி 50-ஐ எட்டாதவருக்கு, 60,000 வெள்ளி வியாபார வருமானத்துக்கு 10 விழுக்காடு, அதாவது 6,000 வெள்ளி. வரியைப்போல் மூன்று மடங்கு. இதைத் தள்ளிப்போடவே கை துறுதுறுக்கும். ஆனால் மெடிசேவ் பாக்கி இருந்தால் தொழில் உரிமத்தைப் புதுப்பிப்பது சிக்கலாகும், குணமாகித் திரும்பும் டாக்சிக்காரருக்கு அதுதான் பெரிய இடி. பணமோ எங்கும் போகவில்லை, மருத்துவமனைச் செலவுக்கு அவரே எடுக்கக்கூடிய சொந்தக் கணக்கில் கிடக்கிறது. இதற்கும் ஜைரோ தவணை உண்டு; வரித் தவணைக்குத் தனியாக, மத்திய சேமநிதிக் கழகத்துடன் பேசவேண்டும்.

162 வெள்ளி 50 காசுகூடப் புரளாத வீட்டில் வரியைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. நோயால் தற்காலிகமாக வேலைக்குப் போகமுடியாதவர்களுக்கு, சமூக சேவை அலுவலகம் வழியாகக் காம்கேர் உதவி இருக்கிறது. அது வரியைக் கட்டாது. அரிசிக்கும் வாடகைக்கும் கொஞ்சம் கொடுத்து, கையிலிருப்பதை வரிக்கு விட்டுவைக்கும். வழி தெரியாதவர்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உள்ள இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் விசாரிக்கலாம். வரி அலுவலகத்துக்கு நேரில்தான் போகவேண்டும் என்றால், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் ரயில் ஏறவேண்டும். அடுத்த நிலையமே நியூட்டன்.